எங்க பேரையும் போட்டுக் குலுக்கு

"ஒம்போது மாசந்தானா?"

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்த முதல் கேள்வி இது. கேட்டது ஒரு ஆயா. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு காலனி. ரெண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரையில் 'ரோம், திறந்த நகரம்' என்ற இத்தாலியப் படத்தைப் போட்டோம். மாணவத் தோழர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஜெர்மன்காரன் அந்த ஊரை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தான் என்று யாரோ கேட்டார்கள். 1943 செப்டம்பரிலிருந்து 1944 ஜூன் 4 வரைக்கும், ஒன்பது மாதம் என்றார் தோழர். ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டது: "ஒம்போது மாசந்தானா? அதுக்கே இம்மாம் பெரிய படமா?"

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த பேச்சாளர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கும் அந்தச் சிரிக்காமைக்கும் நடுவில் எழுதப்படுகிறது.

படத்தைப் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறோம். ராபர்ட்டோ ரோசலினி 1945இல் எடுத்த படம். ரோம் விடுதலையாகி ஒரு வருசம்கூட ஆகாத நேரம். வட இத்தாலியில் சண்டை ஓயவில்லை. ஃபிலிம் சுருளுக்கே பஞ்சம். மான்ஃப்ரெடி என்ற கம்யூனிஸ்ட் தலைமறைவாகத் திரிகிறான். அவனுக்கு உதவுகிறவன் பிரான்செஸ்கோ என்ற அச்சுத் தொழிலாளி. பிரான்செஸ்கோவைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் பீனா, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், ரொட்டிக் கடையை உடைக்கிற பெண்களோடு நிற்பவள். இவர்களுக்கெல்லாம் துணை தோன் பியெத்ரோ என்ற பாதிரியார். பிரான்செஸ்கோவை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பீனா கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறாள், நடுத்தெருவில் சுட்டுத் தள்ளுகிறார்கள். மான்ஃப்ரெடியைச் சித்திரவதை செய்கிறார்கள். ஒரு பேர் சொல்லாமல் சாகிறான். பாதிரியாரை நாற்காலியில் கட்டி வைத்துச் சுடுகிறார்கள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளைகள் சீட்டியடித்து அவருக்குத் தைரியம் சொல்கிறார்கள்.

இதெல்லாம் கட்டுக்கதை இல்லை. 1944 மார்ச் 3ஆம் தேதி, பிடிபட்ட புருசனைப் பார்க்கப் பட்டாளக் கொட்டடி வாசலுக்குப் போன தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணியை ஜெர்மன் சிப்பாய் சுட்டுக் கொன்றான். பீனா அவளிலிருந்து வந்தவள். மொரோசினி, பப்பகாலோ என்று கொல்லப்பட்ட இரண்டு பாதிரியார்களிலிருந்து வந்தவர் தோன் பியெத்ரோ. நல்ல படம். நம்ம சனம் அழுதது. நாங்களும் அழுதோம். அதில் சண்டை இல்லை.

சண்டை அதற்கப்புறம் வந்தது.

காட்டிக்கொடுக்கிறவள் மரினா. மான்ஃப்ரெடியின் பழைய காதலி. வறுமைக்குப் பயந்தவள், போதைக்கும் ஒரு ரோமக் கோட்டுக்கும் அவனை விற்றுவிடுகிறாள். கூட்டத்தில் பேசிய ஒரு பெரியவர் அங்கிருந்து தொடங்கினார். நம்முடைய ஏரியையும் எதிரி பிடிக்க வருகிறான், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போடுகிறான், இந்த நேரத்தில் குப்பமும் காலனியும் ஒன்றாக நிற்க வேண்டும், இப்போது போய்ச் சாதியைப் பேசி மீனவர் ஒற்றுமையை உடைக்கிறவர்கள்தான் நம்ம ஊர் மரினாக்கள் என்றார். பேரைச் சொல்லவில்லை. ஆனால் பார்வை எந்தப் பக்கம் திரும்பியது என்று எல்லாருக்கும் தெரியும். போன மாசம் ஏரியில் பங்கு கேட்டு மனு எழுதினது இந்தக் காலனிப் பசங்கள்.

ஆக, துரோகி பட்டம் கொடுத்தாயிற்று. கொடுத்தவருக்கு நன்றி. படத்தை ஒழுங்காக வாசிக்க வேண்டிய அவசியத்தை உண்டாக்கிவிட்டார்.

ஆயா கேட்டதைத் திருப்பிக் கேட்போம். ரோமில் ஆக்கிரமிப்பு எப்போது தொடங்கியது? ஜெர்மன் பட்டாளம் உள்ளே வந்த 1943 செப்டம்பரில் என்று படம் சொல்லும். ரோம் நகரத்து யூதர்களைக் கேட்டிருந்தால் 1938 என்று சொல்லியிருப்பார்கள். அந்த வருசம்தான் முசோலினி அரசு இனச்சட்டம் போட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து யூதப் பிள்ளைகளையும் வாத்தியார்களையும் விரட்டியது, அரசு வேலையிலிருந்து துரத்தியது, கலப்புமணத்தைத் தடுத்தது. அப்போது ரோம் நகரத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாயும் இல்லை. செய்தவன் அடுத்த வீட்டுக்காரன், அதே மொழி பேசுகிறவன். அப்புறம் 1943 அக்டோபர் 16, சனிக்கிழமை விடியற்காலை. வீடு வீடாகப் புகுந்து 1,259 பேரைப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவுஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர்.

இந்த நாள் 'ரோம், திறந்த நகரம்' படத்தில் இல்லை. ஒரு காட்சி இல்லை. அதன் நாயகர்களில் ஒரு யூதரும் இல்லை. கம்யூனிஸ்ட் இருக்கிறான், பாதிரியார் இருக்கிறார், தொழிலாளி இருக்கிறான், சீட்டியடிக்கும் பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து 'நாம்' ஆகிறார்கள். அந்த 'நாம்' உண்டாவதற்காக, முதலில் அடிபட்டவனும் அதிகமாக அடிபட்டவனும் கதைக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். அவனை உள்ளே விட்டால் 1938ஐப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். 1938ஐப் பேசினால், எதிரி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதே ரோசலினி 1941க்கும் 1943க்கும் இடையில் முசோலினி ஆட்சியில் பட்டாளத்தை மெச்சி மூன்று படம் எடுத்தவர் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். அந்த ஒற்றுமையில் பழைய கணக்கையெல்லாம் மூடி வைக்கும் வசதியும் இருந்தது.

இருபது வருசம் பாசிசத்துக்குக் கைதட்டியவர்களின் துரோகத்துக்குப் படத்தில் முகம் இல்லை. துரோகத்துக்கு முகம் மரினா, வறுமைக்குப் பயந்த ஒரு பொம்பளை. கடைசியில் அவள் மயங்கி விழும்போது அந்த ரோமக் கோட்டையும் உருவிக்கொள்கிறார்கள், அடுத்தவளுக்கு ஆகுமே என்று. பேசிய பெரியவர் இந்தக் காட்சியைச் சொல்லவே இல்லை. நாங்கள் சொல்கிறோம்: கம்பெனி கொடுப்பதாகச் சொல்லும் வேலையும் அந்தக் கோட்டுதான். நம்ம சனம் அதை நம்பவில்லை. அதனால் எங்களைக் கம்பெனிக்காரன் பக்கம் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கிறோம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் மக்கள் எதிர்ப்பால்தான் தள்ளிப்போயின. அந்த எதிர்ப்பில் காலனியும் உண்டு.

இப்போது ஏரிக்கு வருவோம். பழவேற்காட்டில் ஆக்கிரமிப்பு எப்போது தொடங்கியது?

மேடையில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். போர்த்துக்கீசியன் வந்தான். டச்சுக்காரன் வந்து 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினான். வெள்ளைக்காரன் வந்தான். 1969இல் ஸ்ரீஹரிக்கோட்டாவை ராக்கெட் தளத்துக்கு எடுத்தார்கள், தீவில் இருந்த யானாதிகளும் மீனவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். தெற்கே எண்ணூரில் அனல் மின்நிலையம் வந்தது, 2001இல் துறைமுகம் வந்தது. அப்புறம் காட்டுப்பள்ளி, 2018இல் அது அதானி கைக்குப் போனது. எல்லாம் உண்மை. ஒன்றையும் மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பட்டியலிலும் ஒரு அக்டோபர் 16 விடுபட்டிருக்கிறது. டச்சுக்காரன் கல்லறைத் தோட்டத்தை இன்றைக்கும் அரசாங்கம் பாதுகாக்கிறது. வாசலில் செதுக்கின எலும்புக்கூட்டைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். அதே டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஆயிரமாயிரம் பேரை அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டேவியாவுக்கு அனுப்பியது. பஞ்சத்தில் பிள்ளையை விற்றவர்கள், விற்கப்பட்டவர்கள். பிடித்துப்போனவனுக்குக் கல்லறை இருக்கிறது. போனவர்களுக்கு ஒரு நடுகல் உண்டா? அப்படி விற்கப்படும் நிலையில் இருந்தவன் ஊருக்குள் இருந்தவனா, ஊருக்கு வெளியே இருந்தவனா? வரலாற்று மாணவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்.

பட்டியலில் விடுபட்ட இன்னொன்று, இன்றைக்கும் உயிரோடு இருப்பது. பாடு.

வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்கிறோம். முகத்துவாரத்தை ஒட்டி, இறால் ஓடுகிற நல்ல இடங்களில் கழி ஊன்றி வலை கட்டுவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பேர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்களின் கையில் இருப்பது. தலைக்கட்டுக் கணக்கில் பேர் எழுதி, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இவனுக்கு இந்த இடம், நாளைக்கு அவனுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். பணக்காரன் ஏழை என்று பார்க்காது. சண்டை வராது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பொதுச்சொத்தை மக்களே காப்பாற்றும் முறை என்று சுற்றுச்சூழல் தோழர்களும் மெச்சுகிறார்கள்.

நாங்களும் மெச்சுகிறோம். ஒரே ஒரு கேள்வி. அந்தச் சீட்டில் பேர் எழுதப் பிறப்பு வேண்டும். சேரியில் பிறந்தவனுக்கு அந்தக் குடத்தில் சீட்டு இல்லை. இருளருக்கு இல்லை. பொம்பளைக்கு, எந்தச் சாதியானாலும், இல்லை. உள்ளே சமத்துவம், சுற்றிலும் முள்வேலி. சாதிக்கு இதைவிடச் சுருக்கமாக விளக்கம் எழுத முடியுமா?

நல்ல இடமெல்லாம் பாட்டில் போனபின் மிச்சம் இருப்பது என்ன? சேறு. சேரி ஆளுங்க வீச்சுவலையோடு ஓரத்தில் நிற்க வேண்டும். இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி எறா பிடிக்கிறார்கள். கிளிஞ்சல் கிழித்த விரல். நாள் முழுக்கத் தண்ணியில் ஊறி வெடித்த பாதம். பாடு அவங்களுக்கு. படுற பாடு நமக்கு. ஒரே வார்த்தைதான், பாருங்க.

இதைப் பேசினால் மூன்று பதில் வருகிறது. மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதல் பதில்: ஏரி சின்னதாகிவிட்டது. முகத்துவாரம் மண் மூடுகிறது, வரத்துக் குறைந்துவிட்டது, எல்லாரையும் விட்டால் மீனே இருக்காது. சரி. அளவு வேண்டும் என்றால் அளவு வையுங்கள். எத்தனை வலை, எத்தனை நாள் என்று எண்ணி வையுங்கள். ஆனால் உங்கள் வேலி எண்ணிக்கையைப் பார்த்துப் போட்டதில்லையே, சாதியைப் பார்த்துப் போட்டது. குப்பத்தில் பத்துத் தலைக்கட்டு கூடினால் பத்துப் பேரும் சீட்டில் ஏறுகிறார்கள். அப்போது ஏரி தாங்குகிறது. சேரியிலிருந்து ஒருத்தன் வந்தால் மட்டும் ஏரி உடைந்துவிடுமா? சீட்டுக் குலுக்குறதுதான் முறைன்னா, எங்க பேரையும் போட்டுக் குலுக்கு. விழுந்தா எங்களுக்கு, விழலைன்னா போறோம்.

இரண்டாவது பதில்: பட்டினவர்களும் ஏழைகள்தான், ஒடுக்கப்பட்டவர்கள்தான். ஆமாம். பண்ணையார்கள் இல்லை. கடலில் செத்துப்போனால் கேட்க நாதியில்லாதவர்கள். மேல்சாதிக்காரன் அவர்களையும் கரையில்தான் நிறுத்தி வைத்திருக்கிறான். இதைத்தான் பாபாசாகேப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். எல்லாருக்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான், மிதிக்கக் கீழேயும் ஒருத்தன் இருக்கிறான். கீழே இருப்பவனை விட மனசில்லாததால் மேலே இருப்பவனைச் சேர்ந்து எதிர்க்க முடியவில்லை. துறைமுகத்துக்காரனுக்கு இது நல்லாத் தெரியும். அவன் குப்பத்தோடு தனியாகவும் காலனியோடு தனியாகவும் பேசுவான். அந்த விரிசலை நாங்கள் மனு எழுதி உண்டாக்கவில்லை. அது குடத்துக்குள்ளேயே இருந்தது.

மூன்றாவது பதில்தான் ரொம்பப் பழசு: இப்போது நேரமில்லை. முதலில் பொது எதிரி, அப்புறம் சாதி. இதைக் கேட்டுக் கேட்டு நம்ம தாத்தன் செத்தான், அப்பனும் செத்தான். 1930இல் லண்டன் வட்டமேசைக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். அந்த மேசையில் வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே, உன் ஆட்சி எங்கள் தீண்டாமையில் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை என்று சொன்னவர் அம்பேத்கர். ஆனாலும் 1942இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார் என்பதை வைத்து அவரைத் துரோகி என்று எழுத 1997இல்கூட ஒரு தடித்த புத்தகம் வந்தது. ஆக்கிரமிப்பு எப்போது தொடங்கியது என்று கேட்கிறவன் எப்போதும் துரோகி. 1757க்கு முந்தியே நம்ம கிணற்றை எவன் பிடித்து வைத்திருந்தான் என்று கேட்கக் கூடாது.

தமிழில் துரோகிக்கு ஒரு பேர் உண்டு, எட்டப்பன். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அந்தப் பேரை ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுபோனது. நல்லது. கட்டபொம்மனின் படையில் உயிரைக் கொடுத்த சுந்தரலிங்கத்தின் பேர் எத்தனை திண்ணைக்குப் போனது? 1997இல் அரசாங்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தது. பள்ளன் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். கலவரம். கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும், எல்லா மாவட்டத்திலிருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துவிட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தாலும் நம்ம வீரம் ஒரு பஸ் பலகையில் நிற்க முடியாது. வீரம், துரோகம் என்று பாடம் எடுக்க வருகிறவர்கள் இந்தப் பாடத்தையும் எடுக்கட்டும்.

விசுவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் பாதிரியார் நாத்திகனுக்காக உயிரைக் கொடுக்கிறார். நிஜ ரோமிலும் மடங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் ஆயிரக்கணக்கான யூதர்களை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். அதே நேரத்தில், பிடிபட்டவர்களை வத்திக்கானுக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டாளக் கல்லூரியில் இரண்டு நாள் அடைத்து வைத்திருந்தபோது போப்பாண்டவர் வாய் திறந்து வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் விசுவாசம்தான், வாயை மூடியதும் அதே விசுவாசம்தான். இங்கே ஏரிக்கரையில் மாதாவைக் கும்பிடுகிறவர்கள் உண்டு, அம்மனைக் கும்பிடுகிறவர்கள் உண்டு. எந்தச் சாமியும் இன்னும் சீட்டுக் குடத்தைத் திறக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிறகும் சாதிக்கு நடுவில் சுவர் வைத்த சபைதான் நம்ம சபை. 1950ஆம் வருச ஆணையின்படி கிறிஸ்தவனானால் பட்டியல் சாதி இல்லை என்கிறது சர்க்கார். சபைக்குள்ளே போனால் பறையன்தான் என்கிறான் பக்கத்துப் பெஞ்சுக்காரன். ரெண்டு பக்கமும் அடி. தோன் பியெத்ரோவைப் பார்த்து அழுத நம்ம பங்கு விசுவாசிகளைக் கேட்கிறோம்: அவர் யாருக்காகச் செத்தார் என்று பார்த்தீர்களா? தன் ஆளுக்காக இல்லை.

அப்படியானால் தைரியம் என்பது எது? துப்பாக்கி முன்னால் நிற்பது தைரியம்தான். நம்ம சனத்துக்கு அது புதுசு இல்லை. ஆனால் தன் கையில் இருக்கும் சின்ன உரிமையில் கீழே இருப்பவனுக்குப் பாதியைக் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைக் குப்பத்துத் தோழர்களிடம் கேட்கிறோம். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட் குளத்தில் பாபாசாகேப் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறப்பதாக நகராட்சி தீர்மானம் போட்டு மூன்று வருசம் ஆகியிருந்தது. காகிதத்தில் திறந்திருந்தது, கரையில் மூடியிருந்தது. இன்றைக்கு அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பொதுக் குளத்தையும் கிணற்றையும் யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. பழவேற்காடு ஏரி எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

கேட்பது இவ்வளவுதான். பாட்டுச் சீட்டில் ஏரிக்கரைச் சேரிகளின் பேரும் இருளர் குடும்பங்களின் பேரும் ஏற வேண்டும், பெண்கள் பேரும் சேர்த்து. துறைமுகத்தை எதிர்த்துப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் காலனி ஆள் உட்கார நாற்காலி வேண்டும், தரை வேண்டாம். பாதிக்கப்படுவோர் கணக்கு எடுக்கும்போது படகும் வலையும் வைத்திருப்பவனை மட்டும் எண்ணாமல், பறியைப் பல்லில் கடித்து எறா தடவுகிறவளையும் மீன்பிடிக்கிறவள் என்று எழுத வேண்டும். இதைச் செய்யுங்கள். அதற்கு அடுத்த நாள் துறைமுக வாசலில் முதல் வரிசையில் எங்களைப் பார்ப்பீர்கள். செய்யாவிட்டாலும் வருவோம், ஏரி எங்களுக்கும் சோறு போடுகிறது. ஆனால் அப்போது அதை ஒற்றுமை என்று கூப்பிடாதீர்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஊரில் இந்தப் படத்தைப் போடும்போது நிறுத்தாமல் போடுங்கள், நல்ல படம். முடிந்ததும் விளக்கைப் போட்டு, அக்டோபர் 16ஐ மைக்கில் சொல்லுங்கள். அப்புறம் மைக்கைக் கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி திரையை அவிழ்த்து மடிக்கும்போது ஆயா எங்களிடம் வந்து கேட்டது: "அந்தப் புள்ளைங்க சீட்டியடிச்சிச்சே, அதுங்க அப்பால இன்னா ஆச்சி?" படத்தில் அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்துபோகிறார்கள், அதோடு முடிகிறது என்றோம்.

"ஊருக்குத்தானே? அதுங்களுக்கு ஊரு இருக்குது," என்றது ஆயா. விடிந்ததும் தண்ணியில் இறங்க வேண்டும் என்று பறியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.